கடலோரக் கிராமத்தில் வாடகை வீடா? தண்ணீரை முதலில் பாருங்கள்

புதுச்சேரி நெரிசல் வேண்டாமென்று நரம்பை, மூர்த்திக்குப்பம் பக்கம் வீடு தேடுகிறவர்கள் மே மாதத்தில் போய்ப் பாருங்கள். மழைக்காலத்தில் நன்றாக இருக்கும் போர் தண்ணீர்கூட, கோடையில் நிலத்தடி நீர் இறங்கிக் கடல்நீர் உள்ளே ஏறினால் உப்புக் கரிக்கும். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதற்குப் பிறகு பிடித்த தண்ணீரில் டிடிஎஸ் மீட்டரை (கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் கருவி) வையுங்கள். தொட்டியில் தேங்கிய நீரில் பார்த்தால் உண்மை தெரியாது. 500க்குள் என்றால் நல்ல தண்ணீர். 2000 தாண்டினால் அந்த வீடே வேண்டாம்; குழாய், கீசர் எல்லாம் அரித்துப் போகும்.

அப்படியே ஜன்னல் கீலை விரலால் தேய்த்துப் பாருங்கள். செம்பொடி உதிர்ந்தால் பித்தளைக் கீலோ 316 கிரேடு எவர்சில்வரோ மாற்றித்தரச் சொல்லுங்கள். கடற்காற்றில் 304 கிரேடு எவர்சில்வரிலும் பழுப்புப் புள்ளி விழும்.