கே-பாப் மேற்கில் காலூன்றிய கதை: சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கே-பாப் எனப்படும் கொரிய பாப் இசையின் குழுக்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எப்படி இவ்வளவு பிரபலமாயின என்று கேட்டால், பெரும்பாலும் ஒற்றை வரியில்தான் பதில் வருகிறது. "யூடியூப் வந்தது, சை ஆடினார், அப்புறம் பி.டி.எஸ் வந்தது" என்பார்கள் சிலர். "எல்லாம் கொரிய அரசு கொட்டிய பணம்" என்பார்கள் வேறு சிலர். வீடியோ போடுகிறவர்களும் கட்டுரை எழுதுகிறவர்களும் இதையே திரும்பத் திரும்பச் சொல்வதால், உண்மையில் உழைத்தவர்கள் கதையிலிருந்தே காணாமல் போகிறார்கள். குறிப்பாக ரசிகர்கள். நிறுவனங்கள் கதவைத் தட்டுவதற்கு முன்பே உள்ளே போய் உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள்தான்.

முதல் தவறு, கதையை சை பாடிய 'கங்னம் ஸ்டைல்' பாட்டிலிருந்து தொடங்குவது. 2012 ஜூலையில் வந்த அந்தப் பாட்டு, டிசம்பரில் யூடியூபில் 100 கோடி பார்வைகளைத் தொட்ட முதல் வீடியோ ஆனது. பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அமெரிக்காவின் வாராந்திரப் பாட்டுப் பட்டியலான பில்போர்டு ஹாட் 100-இல் மட்டும் ஏழு வாரம் இரண்டாம் இடத்திலேயே நின்றுவிட்டது. யூடியூப் பார்வைகளை அந்தப் பட்டியல் அப்போது கணக்கில் எடுக்கவில்லை. 2013 பிப்ரவரியில்தான் சேர்த்தார்கள். பெரிய சாதனைதான், சந்தேகமே இல்லை. ஆனால் சை தனிப் பாடகர். அந்தப் பாட்டை ரசித்த கோடிக்கணக்கானவர்கள் அடுத்த கொரியக் குழுவைத் தேடிப் போனார்கள் என்று சொல்லிவிட முடியாது.

குழுக்களைத் தேடிப் போனவர்கள் அதற்கு முன்பே இருந்தார்கள். 2011 ஜூனில் எஸ்.எம். என்ற கொரிய இசை நிறுவனம் தன் குழுக்களைப் பாரிஸின் லெ செனித் அரங்குக்கு அழைத்துச் சென்றது. ஒரே ஒரு நிகழ்ச்சிதான் திட்டம். டிக்கெட் கிடைக்காத ரசிகர்கள் மே மாதமே லூவர் அருங்காட்சியகத்தின் முன்னால் கூடி, கொரியப் பாட்டுகளுக்கு ஆடி, இன்னொரு நாள் வேண்டும் என்று கேட்டார்கள். இரண்டாவது நிகழ்ச்சி சேர்க்கப்பட்டது. 'கங்னம் ஸ்டைல்' வெளிவர அப்போது இன்னும் ஓராண்டுக்கு மேல் இருந்தது.

இரண்டாவது தவறு, மேற்கே போய்க் குடியேறினால் பேர் கிடைத்துவிடும் என்று நினைப்பது. இதற்கு ஒண்டர் கேர்ள்ஸ் என்ற பெண்கள் குழுவைப் பார்க்க வேண்டும். 2009-இல் கொரியாவில் உச்சத்தில் இருந்தவர்கள். அவர்களுடைய ஜே.ஒய்.பி. நிறுவனம் அவர்களை நியூயார்க்குக்குக் கொண்டுபோனது. ஜோனாஸ் பிரதர்ஸ் என்ற அமெரிக்கக் குழுவின் சுற்றுப்பயணத்தில் ஊர் ஊராகப் போய், தங்களைக் கேள்விப்பட்டே இராத கூட்டத்துக்கு முன்னால் தொடக்க நிகழ்ச்சி நடத்தினார்கள். 'நோபடி' பாட்டின் ஆங்கிலச் சிடியைச் சிறுமிகளுக்கான துணிக்கடைத் தொடர் ஒன்றில் 1 டாலருக்கு விற்றார்கள். அந்த அக்டோபரில் பாட்டு ஹாட் 100-இல் 76-ஆம் இடத்தில் நுழைந்தது. ஒரு கொரியக் குழுவுக்கு அதுவே முதல் முறை.

அதற்குப் பிறகுதான் சிக்கல். கொரியாவில் அவர்கள் இல்லாத இடத்தைக் கேர்ள்ஸ் ஜெனரேஷன் என்ற இன்னொரு குழு நிரப்பிவிட்டது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் வந்த அந்தக் குழுவின் 'ஜீ' பாட்டு கே.பி.எஸ். தொலைக்காட்சியின் வாராந்திரப் பட்டியலில் ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது. 2010 தொடக்கத்தில் குழுவில் ஒருவரான சுன்மி ஒண்டர் கேர்ள்ஸை விட்டு விலகினார். அமெரிக்காவுக்கென்று அறிவித்த ஆங்கில ஆல்பம் வெளிவரவே இல்லை. அந்தப் பெண்களின் உழைப்பில் எந்தக் குறையும் இல்லை. ரசிகர்கள் இல்லாத இடத்தில் கடையைத் திறந்து, இருந்த இடத்தில் மூடிவிட்ட திட்டம்தான் பிழை. இன்றைக்குப் பெரிய குழுக்கள் சியோல் நகரை மையமாக வைத்துக்கொண்டு, மேற்கே சுற்றுப்பயணம் மட்டும் போய்வருவதில் அந்த அனுபவமும் சேர்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஏழு இளைஞர்கள் கொண்ட பி.டி.எஸ் குழுவின் விஷயத்தில் நடந்தது நேர்மாறு. 2014 ஜூலையில், ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக லாஸ் ஏஞ்சலஸ் போயிருந்தபோது, தங்கள் இலவச நிகழ்ச்சிக்கான துண்டுச் சீட்டுகளை ஏழு பேரும் தெருவில் நின்று கொடுத்தார்கள். வந்தவர்கள் சுமார் 200 பேர். வெஸ்ட் ஹாலிவுட்டின் ட்ரூபடோர் என்ற சின்ன அரங்கு அது. 2018 அக்டோபரில் அதே குழு நியூயார்க்கின் சிட்டி ஃபீல்டு மைதானத்தில் சுமார் 40,000 பேருக்கு முன்னால் பாடியது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளை "2017-இல் திடீரென்று வெடித்தார்கள்" என்று கடந்துபோவது மூன்றாவது தவறு. 2017 மே மாதம் பில்போர்டு விருது மேடையில் அவர்கள் ஏறியபோது, முந்தைய ஆறு ஆண்டும் பாடகர் ஜஸ்டின் பீபர் வாங்கிய சமூக ஊடகப் பிரிவு விருதை வாங்கினார்கள். அது ரசிகர்கள் வாக்களித்துத் தந்த விருது. அமெரிக்கப் பத்திரிகைகள் அன்றைக்குத்தான் கவனித்தன, அவ்வளவுதான்.

அந்த நான்கு ஆண்டுகளில் ரசிகர்கள் செய்த வேலையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். ஐடல்கள் (குழுப் பாடகர்கள்) நேரலையில் வந்து பேசி முடித்த சில மணி நேரத்தில் யாரோ ஒருவர் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருப்பார். அதிலிருந்து இன்னொருவர் ஸ்பானிய மொழிக்குக் கொண்டுபோயிருப்பார். பாட்டு வரிகளுக்கு விளக்கம் எழுத ஒருவர், புதிதாக வருகிறவர்களுக்கு எந்த வீடியோவிலிருந்து தொடங்கலாம் என்று பட்டியல் போட ஒருவர். அமெரிக்காவில் மாநிலம் மாநிலமாகப் பிரித்துக்கொண்டு வானொலி நிலையங்களோடு பேசினார்கள். சும்மா "பாட்டைப் போடுங்கள்" என்று நச்சரிக்காமல், நிகழ்ச்சி நடத்துகிறவர்களுக்குக் குழுவை அறிமுகம் செய்தார்கள், போட்டவர்களுக்குப் பூங்கொத்து அனுப்பினார்கள். சம்பளம் கொடுத்து இப்படி ஒரு விளம்பரத் துறையை எந்த இசை நிறுவனமும் வைத்திருக்க முடியாது. இவர்களைக் கத்துகிற பதின்வயதுப் பெண்கள் என்று ஒதுக்குவது தவறு மட்டுமல்ல, அவமரியாதையும்கூட. 2020 ஜூனில் கறுப்பினத்தவர் உரிமைக்கான பிளாக் லைவ்ஸ் மேட்டர் இயக்கத்துக்கு பி.டி.எஸ் தரப்பு 10 லட்சம் டாலர் கொடுத்தது. செய்தி வெளியாகி ஒரே நாளில் ரசிகர்களும் அதே அளவு திரட்டிக் கொடுத்தார்கள்.

அரசுப் பணம் என்ற வாதத்தில் ஓரளவு உண்மை இருக்கிறது. 1997 நிதி நெருக்கடிக்குப் பிறகு பண்பாட்டுத் தொழில்களை வளர்க்கக் கொரிய அரசு சட்டம் போட்டது, அமைப்புகளை உருவாக்கியது, வெளிநாட்டு விழாக்களுக்கு உதவியது. ஆனால் ஒரு குழுவை ஒரு சிறுமியின் மனசுக்குப் பிடிக்க வைக்க எந்த அமைச்சகத்தாலும் ஆகாது.

அடுத்த தவறு வைரலை நம்புவது. ஃபிப்டி ஃபிப்டி குழு 2022 நவம்பரில் அறிமுகமானது. சின்ன நிறுவனம், நான்கு பெண்கள். 2023 பிப்ரவரியில் வந்த 'க்யூபிட்' பாட்டின் வேகம் கூட்டிய வடிவம் டிக்டாக்கில் பரவி, அறிமுகமாகி நான்கைந்து மாதத்துக்குள் ஹாட் 100-இல் நுழைந்து 17-ஆம் இடம் வரை போனார்கள். பிரிட்டனில் எட்டாம் இடம். ஜூனில் குழுவினர் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார்கள், ஆகஸ்டில் நீதிமன்றம் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது, கடைசியில் நால்வரில் கீனா மட்டும் திரும்பினார். வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பதற்குள் நான் போகவில்லை. பாட்டை அறிந்த அளவுக்கு அந்தக் குழுவை யாருக்கும் தெரியவில்லை என்பதுதான் இங்கே விஷயம். நெருக்கடி வந்தபோது தாங்கிப் பிடிக்கிற அளவுக்கு ஒரு ரசிகர் படை வளர நேரமே இருக்கவில்லை.

சரி, ஆங்கிலத்தில் பாடினால்? இங்கேதான் கணக்கைக் கவனமாகப் படிக்க வேண்டும். கொரியப் பாடகி போவா 2008-இலேயே ஆங்கிலத்தில் பாடிப் பார்த்தார். 2009-இல் வந்த ஆல்பம், அமெரிக்க ஆல்பப் பட்டியலான பில்போர்டு 200-இல் 127-ஆம் இடத்தோடு நின்றது. பி.டி.எஸ் 2018 மே மாதம் அதே பட்டியலில் முதலிடம் பிடித்தது கொரிய மொழி ஆல்பத்தோடு. ஆங்கிலப் பாட்டான 'டைனமைட்' 2020 ஆகஸ்டில்தான் வந்தது. வந்ததும் ஹாட் 100-இல் முதலிடம். அதே ஆண்டு டிசம்பரில், பெரும்பகுதி கொரிய மொழியில் உள்ள 'லைஃப் கோஸ் ஆன்' பாட்டும் நேராக முதலிடத்தில் நுழைந்தது.

இரண்டும் முதலிடம், ஆனால் உள்ளே பாருங்கள். அமெரிக்காவில் முதல் வாரம் 'டைனமைட்' 3 லட்சம் பிரதி விற்றது, வானொலியில் 1.16 கோடி முறை கேட்பவர்கள் காதில் விழுந்தது. 'லைஃப் கோஸ் ஆன்' 1.5 லட்சம் பிரதி விற்றது. வானொலிக் கணக்கு வெறும் 4.1 லட்சம். விற்பனை பாதியானபோது, வானொலி இருபத்தைந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. ரசிகர்கள் மொழி பார்க்கவில்லை, வானொலி பார்த்தது. அடுத்த வாரம் 'லைஃப் கோஸ் ஆன்' 28-ஆம் இடத்துக்கு இறங்கியது. 'டைனமைட்' மூன்று வாரம் முதலிடத்தில் இருந்து, மொத்தம் 32 வாரம் பட்டியலில் நின்றது. ஆகவே ஆங்கிலம் உதவவில்லை என்று சொல்ல மாட்டேன். ஏற்கெனவே இருக்கிற ரசிகர் படைக்கு வெளியே, காரில் போகிறவர் காதுக்கும் பாட்டைக் கொண்டுபோக உதவியது. படையை உருவாக்கியது ஆங்கிலம் இல்லை.

ஆல்பப் பட்டியலிலும் இதே எச்சரிக்கை வேண்டும். பில்போர்டு 200 விற்பனையையும் ஸ்ட்ரீமிங்கையும் சேர்த்துக் கணக்கிடுகிறது; 2018-இல் வகுத்து 2025 வரை இருந்த முறைப்படி, சந்தா கட்டிக் கேட்பவர்களின் 1,250 ஸ்ட்ரீம் ஓர் ஆல்பத்துக்குச் சமமாக இருந்தது. ஆல்பத்தோடு வரும் பாடகர் படமான போட்டோகார்டுக்காக ஒரே ஆல்பத்தின் பல வடிவங்களை வாங்குகிற ரசிகர் ஒருவர், இந்தக் கணக்கில் ஆயிரக்கணக்கான ஸ்ட்ரீமுக்குச் சமம். 2019 அக்டோபரில் சூப்பர்எம் என்ற கொரியக் குழு முதல் ஆல்பத்திலேயே முதலிடம் பிடித்தபோது, பெரும்பகுதி டிக்கெட்டோடும் பொருள்களோடும் சேர்த்து விற்ற விற்பனை. அமெரிக்கப் பாடகர்களும் அப்போது அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள், கொரியர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயம் இல்லை. அப்படிச் சேர்த்து விற்பதைக் கணக்கில் எடுக்கும் விதியை 2020-இல் பில்போர்டு மாற்றியது.

கடைசியாக, மேற்கு என்பதை ஒரே ஊராக எண்ண வேண்டாம். அமெரிக்காவில் முதலிடம் பிடித்த 'டைனமைட்' பிரிட்டனில் மூன்றாம் இடம்தான். ஒரு குழு வென்றது என்று எழுதும் முன் எந்த நாடு, எந்தப் பட்டியல் என்று பாருங்கள். முடிந்தால் இரண்டாம், மூன்றாம் வாரக் கணக்கையும் எடுத்துப் பாருங்கள்.