இரட்டை அச்சா, கிழிஞ்ச முலாமா? பென்னி பார்ப்பது எப்படி

ரொறன்ரோவில் இருந்து வந்த சின்னம்மா ஒரு பால்மா ரின் நிறையப் பென்னி, அதாவது ஒரு சதக் குத்திகள், தந்துவிட்டுப் போனா. கனடாக் குத்திகளோடு அமெரிக்க ஒரு சதங்களும் கிடந்தன. அதில் ஒரு 1995 குத்தி என்னை ஒரு கிழமை நித்திரை கொள்ள விடவில்லை.

முதலில் நிறுங்கோ. 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு வேண்டும். சமையலறைத் தராசு சரிவராது. அமெரிக்கச் சதம் 1982இல் செம்பில் இருந்து நாகத்துக்கு (சிங்க்) மாறியது. 3.11 கிராம் நின்றால் பழையது. 2.5 என்றால் உள்ளே நாகம், மேலே மெல்லிய செம்பு முலாம். தொல்லை எல்லாம் இந்த முலாமால்தான்.

மேலே பொம்மிக் கிடந்தால் பல்லுக்குச்சியால் மெல்ல அமத்துங்கோ. அமுங்கினால் காற்றுக் கொப்புளம். அச்சு (குத்தியில் உருவத்தைப் பதிக்கிற முத்திரை) உடைந்து வந்த மேடு அசையாது.

இனித்தான் நான் விழுந்த இடம். என்னுடைய குத்தியில் 'லிபேட்டி' என்ற சொல்லின் எழுத்துகளுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு. 1995இல் அதே சொல் இரட்டித்த, விலைபோகிற குத்தி உண்மையாகவே உண்டு. போனில் பெருப்பித்துப் பார்க்க அச்சொட்டாய் அதுதான்! யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஒரு பத்தர் தன்ர கண்ணாடியால் பார்த்துவிட்டு, "தம்பி, உந்தக் கோடு வெள்ளையாய் எல்லோ கிடக்கு?" என்றார்.

அவ்வளவுதான். அச்சு அடிக்கும்போது உலோகம் எழுத்துக் குழிக்குள் ஏறும். முலாம் அந்த இழுவைக்குத் தாங்காமல் எழுத்தின் அடியில் கிழிய, நாகம் வெளியே தெரியும். நாட்பட அது சாம்பல், கறுப்பு என்று மாறும். உண்மையான இரட்டை அச்சில், அதாவது அச்சிலேயே எழுத்து இரண்டு தரம் விழுந்ததில், இரண்டாவது கோடும் செம்பு நிறம்தான். எழுத்தைப் போலவே எழும்பி நிற்கும், மூலைகளில் வெட்டுப் பிரிந்து தெரியும். பிழை அச்சிலேயே இருப்பதால் அந்த அச்சில் அடித்த எல்லாக் குத்தியிலும் அதே இடத்தில் வரும். முலாம் அப்படி ஒழுங்காய்க் கிழியாது. எழுத்தோரம் படிக்கட்டுப் போலத் தட்டையாக இருந்தால் அடிக்கும்போது அச்சு ஆடினது. அதற்கும் விலை இல்லை.

போன் கமராவை நம்பாதேங்கோ. பத்து மடங்கு காட்டும் பத்தர் கண்ணாடி ஒன்று வாங்குங்கோ, மேசை விளக்கைப் பக்கவாட்டில் பிடியுங்கோ.

எங்கட 2005க்குப் பிந்திய அஞ்சு ரூபாய்க் குத்தியில் பித்தளை முலாம் உரிஞ்சு இரும்பு தெரிந்தால்? கடையில் குடுத்துத் தேங்காய்ப்பூ ரொபி வாங்குங்கோ.

பிற்சேர்க்கை: 1943 அமெரிக்கச் செம்புப் பென்னி கிடைத்திருக்கு என்று இரண்டு பேர் படம் அனுப்பியிருந்தீர்கள். காந்தத்தை வையுங்கோ. அந்த ஆண்டு போருக்காகச் செம்பை மிச்சம்பிடித்து இரும்பில் அடித்தார்கள். ஒட்டினால், அந்த இரும்புக் குத்திக்கு ஆரோ பிறகு செம்பு பூசியிருக்கினம்.