வாயில் போகாத கசப்பும் அதைப் போக்கப்போய்ச் செய்யும் தவறுகளும்

கொப்பளித்தால் அந்தச் சுவை போகிறதா, போகவில்லையா? வாய்க்கசப்போ உலோகச் சுவையோ நாள்கணக்கில் தங்கிவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். அரை டம்ளர் வெறும் தண்ணீரை அரை நிமிடம் வாயில் சுழற்றித் துப்புங்கள். சுவை மறைந்து சற்று நேரத்தில் திரும்பி வந்தால், எதுவோ வாய்க்குள் கசிந்துகொண்டிருக்கலாம்: ஈறிலிருந்து சீழ், மூக்கின் பின்புறத்திலிருந்து சளி, வயிற்றிலிருந்து அமிலம். துளிகூட மாறவில்லை என்றால் மருந்து, நரம்பு போன்ற காரணங்களின் பக்கம் சந்தேகம் சாய்கிறது. இது நோயின் பெயரைச் சொல்லிவிடாது. எந்தக் கதவை முதலில் தட்டுவது என்று காட்டும், அவ்வளவுதான்.

பெரும்பாலோர் இதைப் பார்க்காமல் நேராக மவுத்வாஷை வாங்கிவிடுகிறார்கள். தடயத்தை அழித்துவிட்டுத் திருடனைத் தேடுகிற வேலை அது. அதிலும் குளோர்ஹெக்சிடின் கலந்த மவுத்வாஷ் தானே சுவையைக் கெடுக்கும். உப்புச் சுவை மங்கும், பல்லில் பழுப்புக் கறை படியும். பல் மருத்துவர் இரண்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்ததை ஆறு மாதம் தொடர்ந்துவிட்டு, கசப்பு ஏன் போகவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. பல் துலக்கிய கையோடு அதை ஊற்றிக்கொள்வதும் வீண். பேஸ்ட்டில் உள்ள நுரைப்பொருள் அதன் வீரியத்தைக் குறைத்துவிடும். நடுவில் அரை மணி நேரமாவது வேண்டும்.

“பல்லில் வலியே இல்லையே, அப்புறம் பல் எப்படிக் காரணமாகும்?” இந்த வாதம் நம்பத்தக்கதல்ல. ஈறு நோய் பல ஆண்டுகள் வலியில்லாமலே எலும்பைக் கரைக்கும். வேர் சிகிச்சை செய்த பல்லில் நரம்பே இல்லை. அதன் மேல் உறைபோல மாட்டிய கேப்புக்கு அடியில் சொத்தை வந்தாலும் அது கூச்சம் காட்டாது. வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் ஃப்ளாஸ் நூலைக் கடைவாய்ப்பல் இடுக்கில் மெதுவாக இறக்கி, பல்லின் பக்கவாட்டை அணைத்தபடி இரண்டு மூன்று முறை மேலும் கீழும் இழுத்து, வெளியே எடுத்து முகர்ந்து பாருங்கள். ஒவ்வோர் இடுக்குக்கும் நூலின் புதிய பகுதி. ஓரிடத்தில் மட்டும் நாற்றமோ ரத்தமோ வந்தால், மருத்துவரிடம் விரல் வைத்துக் காட்ட வேண்டிய இடம் அது. நூல் நார்நாராகப் பிய்ந்து வந்தால் அங்கே கேப்பின் விளிம்போ சொத்தையை அடைத்த இடமோ சரியாக உட்காராமல் இருக்கலாம், அல்லது சொத்தை இருக்கலாம். மேல் கடைவாய்ப்பல்லின் வேர் சைனஸ் அறைக்கு மிக அருகில் இருப்பதால், ஒரு பக்க மூக்கில் மட்டும் துர்நாற்றத்தோடு சளி வந்தால் மூக்கு மருத்துவரோடு பல் மருத்துவரையும் பார்த்தாக வேண்டும்.

அடுத்தது வயிறு. வாய் கசந்தாலே பித்தம் என்று தீர்ப்பெழுதிவிடுவது நம் வழக்கம். பித்தநீர் மேலேறி வருவதும் உண்டுதான். ஆனால் அதிகம் காண்பது அமிலம் எதுக்களிப்பது. படுத்தால், குனிந்தால், இரவு தாமதமாகச் சாப்பிட்டால் மோசமாகும். காலையில் புளிப்பும் கசப்புமாக இருக்கும். அந்த நேரத்தில் உடனே பிரஷை எடுப்பது பெரிய தவறு. அமிலம் பட்ட எனாமல் மென்மையாக இருக்கும், தேய்த்தால் தேய்ந்துபோகும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவைக் கலந்து கொப்பளித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்துத் துலக்குங்கள்.

அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைத் தானாக வாங்கி ஆண்டுக்கணக்கில் விழுங்குவது இன்னொரு வம்பு. நீண்ட நாள் பயன்பாட்டில் சிலருக்கு வைட்டமின் பி12 குறைகிறது. அது குறைந்தால் நாக்கு வழவழவென்று சிவந்து எரியும், சுவையும் கெடும். வயிற்றில் புண் உண்டாக்கும் ஹெச். பைலோரி கிருமிக்காகக் கொடுக்கும் கூட்டு மருந்திலும் கவனம் தேவை. அதில் அடிக்கடி இடம்பெறும் கிளாரித்ரோமைசினும் மெட்ரோனிடசோலும் வாயைக் கசக்கவைப்பவை. நோய் முற்றுகிறது என்று பயந்து பாதியில் நிறுத்தினால் கிருமி பிழைத்துக்கொள்ளும். மருந்து முடிந்தால் இந்தக் கசப்பு பொதுவாகச் சில நாட்களில் போய்விடும்.

சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின், ரத்த அழுத்தத்துக்கான கேப்டோப்ரில், மனநிலைக் கோளாறுக்கான லித்தியம், தூக்கத்துக்கான சோபிக்லோன் என்று சுவையை மாற்றும் மருந்துகளின் வரிசை நீளம். ஒவ்வாமை மாத்திரை, மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின் போன்றவை உமிழ்நீரை வற்றவைத்து அதே வேலையைச் செய்யும். சுவை கெட்ட தேதியையும் மருந்து தொடங்கிய அல்லது அளவு கூட்டிய தேதியையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பொருந்தினால் எழுதிக் கொடுத்தவரிடம் மாற்று கேளுங்கள். ரத்த அழுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்துவது கசப்பைவிடக் கெடுதல். ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுப்பவர்கள் ஒவ்வொரு முறையும் வாயைக் கொப்பளித்துத் துப்பாவிட்டால் பூஞ்சை படரும். இரவில் கழற்றாத பல்செட்டுக்கும் இதே கதி.

துத்தநாக மாத்திரை சாப்பிட்டால் சுவை வரும் என்ற பேச்சு பாதி உண்மை. குறைபாடு இருப்பவருக்கு உதவும். பெரியவர்களுக்கு ஒரு நாளின் மேல் வரம்பு 40 மில்லிகிராம். ஆனால் 50 மில்லிகிராம் மாத்திரைகள்கூடக் கடைகளில் கிடைக்கின்றன. மாதக்கணக்கில் அதிகம் போனால் உடலில் தாமிரம் குறைந்து, ரத்தசோகையும் கால் மரத்துப்போதலும் வரலாம். போதாக்குறைக்கு, துத்தநாகமே வாயில் உலோகச் சுவை தரும்.

நாக்கை ரத்தம் வரச் சுரண்டுவதும் வேண்டாம். பின்னாலிருந்து முன்னால் மெதுவாக இரண்டு மூன்று இழுப்பு போதும். சுரண்டும்போது நாக்கின் அடிப்பகுதியில் ‘வி’ வடிவில் எட்டுப் பன்னிரண்டு பெரிய மொட்டுகள் கண்ணாடியில் தெரிந்தால் பதற வேண்டாம். அவை எல்லோருக்கும் உள்ள சுவை மொட்டு மேடுகள், கட்டி அல்ல.

இரண்டு வாரத்துக்கு மேலும் சுவை மாறாவிட்டால் பல் மருத்துவரிடமிருந்து தொடங்கலாம். ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, காரணமில்லாத எடை குறைவு இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். முகம் ஒரு பக்கம் கோணினாலோ, தலையில் அடிபட்ட பிறகு குனியும்போது ஒரு நாசியில் தெளிந்த நீர் சொட்டி வாய் உப்புக் கரித்தாலோ, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எல்லாச் சோதனையிலும் ஒன்றும் இல்லையா? கடந்த சில நாட்களில் பைன் கொட்டை சாப்பிட்டீர்களா என்று யோசியுங்கள். சிலருக்கு அது உள்ளே போய் ஓரிரு நாள் கழித்துத்தான் கசப்பு ஆரம்பிக்கும். எதைச் சாப்பிட்டாலும் கூடும். இடைவெளி இருப்பதால் யாரும் கொட்டையைச் சந்தேகிப்பதில்லை. அதற்கென்று மருந்து கிடையாது. இரண்டு முதல் நான்கு வாரத்தில் தானாகவே போய்விடும்.