பலர் புழங்கும் சர்வரில் விம் எடிட்டரை அமைப்பது எப்படி?

சிங்கப்பூரின் உபி வட்டாரத்தில் இருக்கும் எங்கள் சின்ன அலுவலகத்தில் எல்லாருக்கும் ஒரே டெபியன் லினக்ஸ் சர்வர்தான். அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. விம் போன்ற எடிட்டர் (கோப்புகளைத் திருத்தும் மென்பொருள்) விஷயத்தில் நான் பிடித்திருக்கும் விதி நம் வீடமைப்புப் புளோக்குகளில் இருப்பதுதான்: வீட்டுக்குள் எந்த வண்ணமும் அடித்துக்கொள்ளலாம், பொது நடைபாதையில் மட்டும் 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும். நிறம், வரி எண், குறுக்குவிசை எல்லாம் அவரவர் விருப்பம். அடுத்தவர் கோப்பைக் கெடுக்கக்கூடியதில் மட்டும் நான் கை வைப்பேன்.

விம் திறக்கும்போது முதலில் சர்வர் முழுமைக்குமான விம்ஆர்சி என்ற அமைப்புக் கோப்பைப் படிக்கும்; அதன்பின் பயனரின் சொந்த விம்ஆர்சியை. பின்னால் வருவதே நிற்கும். ஆகவே பொதுக் கோப்பில் எழுதுவது வெறும் தொடக்க நிலை, யாரும் மாற்றிக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் 2016இல் வந்த விம் 8இலிருந்து ஒரு வில்லங்கம் உண்டு. பயனருக்குச் சொந்த விம்ஆர்சி இல்லாவிட்டால், அந்த இடத்தில் விம்மோடு வரும் ‘டிஃபால்ட்ஸ் டாட் விம்’ என்ற கோப்பு படிக்கப்படும். அது மவுஸை இயக்கிவிடும். “அண்ணே, ரைட் கிளிக் பண்ணா பேஸ்ட் ஆகமாட்டேங்குது” என்று புதிதாகச் சேர்ந்த தம்பி வந்து நிற்பது இதனால்தான். பொதுக் கோப்பில் நீங்கள் மவுஸை அணைத்து வைத்திருந்தாலும் பலிக்காது.

இதற்கு, ஈடிசி அடைவிலுள்ள விம் கோப்புறையில் ‘விம்ஆர்சி டாட் லோக்கல்’ என்று ஒரு கோப்பை உருவாக்கி, ‘ஸ்கிப் டிஃபால்ட்ஸ் விம்’ என்ற மாறிக்கு 1 கொடுங்கள். டிஃபால்ட்ஸ் தந்த வண்ணங்களும் அதோடு போய்விடும். ‘சின்டாக்ஸ் ஆன்’ வரியை நீங்களே சேர்க்க வேண்டும். டெபியன் தந்த மூல விம்ஆர்சியைத் தொடாதீர்கள். தொட்டால் அடுத்த அப்கிரேடில் எந்தப் பதிப்பை வைத்துக்கொள்வது என்று கேள்வி வரும்.

புதுக் கணக்குகளுக்கான மாதிரிக் கோப்புகள் இருக்கும் ஸ்கெல் அடைவில் ஒரு விம்ஆர்சி போட்டு வைப்பவர்களும் உண்டு. எனக்கு அது பிடிக்காது. கணக்குத் திறக்கும்போது ஒருமுறை நகலெடுக்கப்படும், அவ்வளவுதான். பிறகு நீங்கள் திருத்துவது யாருக்கும் போய்ச் சேராது.

ஸ்வாப் கோப்பு (ஒரு கோப்பைத் திருத்தும்போது விம் உருவாக்கும் தற்காலிகக் கோப்பு) விஷயத்தில் மட்டும் நான் கறார். அடைவு சுத்தமாக இருக்கட்டும் என்று பலரும் ஸ்வாப் கோப்புகளைத் தங்கள் வீட்டு அடைவுக்குத் திருப்பிவிடுவார்கள். தனியாக வேலை செய்தால் சரி. ஒரே கோப்பை இருவர் திறந்தால் விம் ‘அட்டென்ஷன்’ என்று எச்சரிப்பது, அடுத்தவரின் ஸ்வாப் கோப்பு பக்கத்திலேயே கிடப்பதால்தான். ஸ்வாப் அவரவர் வீட்டு அடைவுக்குப் போய்விட்டால் எச்சரிக்கை வராது. கடைசியில் சேமித்தவர் மற்றவரின் வேலையை அழித்துவிடுவார். பொதுத் திட்ட அடைவுகளில் ஸ்வாப் அங்கேயே இருக்கட்டும்.

சர்வரின் அமைப்புக் கோப்புகளைத் திருத்த ‘சூடோ விம்’ (ரூட் எனும் நிர்வாகியின் உரிமையோடு விம்மை இயக்குவது) அனுமதி கொடுக்காதீர்கள். உள்ளிருந்தபடியே ரூட் ஷெல்லைத் திறந்துவிடலாம். தவிர, அப்போது படிக்கப்படுவது ரூட்டின் விம்ஆர்சி. தன் வண்ணம் காணோமே என்று ஒருவர் அதை மாற்றினால் எல்லாருக்கும் மாறும். ‘சூடோஎடிட்’ கொடுங்கள். அது கோப்பின் தற்காலிக நகலைப் பயனரின் பெயரிலேயே, அவருடைய சொந்த அமைப்போடு திறந்து, முடிந்ததும் மூலத்தில் எழுதிவிடும். அவருக்கும் வசதி, உங்களுக்கும் நிம்மதி. எந்தெந்தக் கோப்பு என்று, சூடோ அனுமதிகளை எழுதும் சூடோயர்ஸ் கோப்பில் முழுப் பாதையோடு எழுதுங்கள்.

இன்டென்ட் (வரித் தொடக்க இடைவெளி), வரி முடிவு, யூடிஎஃப்-8 எழுத்துக் குறியாக்கம் போன்றவை திட்டத்தைச் சேர்ந்தவை. அவற்றை ‘எடிட்டர்கான்ஃபிக்’ கோப்பில் எழுதித் திட்டத்தோடே வையுங்கள். விம்மிலிருந்து பிறந்த நியோவிம் 0.9 முதல் அதைத் தானாகவே படிக்கிறது. விஎஸ் கோடு எடிட்டருக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் போட வேண்டும்.

எங்களிடம் ஈமேக்ஸ் என்ற எடிட்டரைப் பயன்படுத்துபவர் ஓர் அக்கா மட்டும்தான். அதற்கும் பொதுத் தொடக்கக் கோப்பு உண்டு. அதைக் காலியாகவே விட்டிருக்கிறேன்; அவர் அமைத்து வைத்திருப்பதில் நான் சேர்க்க ஒன்றுமில்லை.