மேலாண்மைப் பட்டப்படிப்பு: மாணவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

பட்டம் வாங்கியதும் மேனேஜர் நாற்காலி காத்திருக்கும் என்று நம்பிச் சேர்வதுதான் முதல் சறுக்கல். இளநிலை வணிக மேலாண்மை முடித்தவருக்குக் கிடைக்கும் முதல் வேலைகள் வேறு மாதிரியானவை: விற்பனை நிர்வாகி, மேனேஜ்மென்ட் டிரெய்னி, மனிதவளப் பிரிவு உதவியாளர், கொள்முதல் ஒருங்கிணைப்பாளர், இளநிலை பிசினஸ் அனலிஸ்ட். ஆட்களை வழிநடத்தும் பொறுப்பு வர பொதுவாகச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை உங்களை வேலையில் நிறுத்தி வைப்பது எக்செல், எழுத்து, பேச்சு, கணக்கு ஆகியவைதான்.

இதில் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். "கணக்கு வராது, அதனால் மேனேஜ்மென்ட்" என்று சேர்பவர்கள் ஏராளம். முதல் ஆண்டிலேயே கணக்கியல், புள்ளியியல், பொருளியல் மூன்றும் வரிசையாக வந்து நிற்கும். பலர் தேர்ச்சி மதிப்பெண் வாங்கி அவற்றைத் தலைமுழுகிவிடுகிறார்கள். அதன் விலை பின்னால் தெரியும்.

ஒரு பொருளின் விலை 50, அதைச் செய்ய ஆகும் மாறும் செலவு (மூலப்பொருள் போன்றது) 30, எத்தனை விற்றாலும் மாறாத நிலைச் செலவு (வாடகை போன்றது) மாதத்துக்கு 60,000 என்று வைத்துக்கொள்வோம். ஒரு பொருள் விற்றால் 20 மிஞ்சும். 60,000-ஐ 20-ஆல் வகுத்தால் 3,000. அத்தனை விற்றால்தான் கையைக் கடிக்காது. போட்டியைச் சமாளிக்க விலையை 10 சதவீதம் குறைத்து 45 ஆக்கினால் மிஞ்சுவது 15. இப்போது விற்க வேண்டியது 4,000. பத்து சதவீதத் தள்ளுபடிக்காக விற்பனை மூன்றில் ஒரு பங்கு கூட வேண்டும். "மார்க்கெட்டிங் போகிறவனுக்குக் கணக்கியல் எதற்கு" என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

லாபமும் பணமும் ஒன்றுதான் என்று நினைப்பதும் இதே ரகம். கடனுக்கு விற்ற சரக்கு விற்ற மாதமே வருமானமாகப் பதிவாகும். பணமோ 60, 90 நாள் கழித்து வரும். சம்பளமும் வாடகையும் அதுவரை காத்திருக்காது. ஏட்டில் லாபம் காட்டும் நிறுவனமே பணமில்லாமல் மூடப்படுவது இப்படித்தான். ஆண்டறிக்கையைப் படிக்கும்போது லாப நட்டக் கணக்கோடு நிறுத்தாமல், உண்மையில் எவ்வளவு பணம் வந்தது, போனது என்று காட்டும் ரொக்கப் பாய்வு அறிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எக்செல் "தெரியும்" என்று பயோடேட்டாவில் எல்லோரும் எழுதுகிறார்கள். பட்டியலில் ஒரு பொருளைத் தேடி அதன் விலை போன்ற விவரத்தை எடுத்துத் தரும் வி-லுக்அப் (VLOOKUP) சூத்திரத்தில் நான்காவது உள்ளீட்டை விட்டுவிட்டால், ஏறத்தாழப் பொருந்தினால் போதும் என்று எக்செல் எடுத்துக்கொள்ளும். பட்டியல் ஏறுவரிசையில் இல்லாவிட்டால் எந்த எச்சரிக்கையும் தராமல் தவறான விலையைக் காட்டக்கூடும். அந்த இடத்தில் 0 போட வேண்டும். இந்த மாதிரிப் பிழையைத் தானே கண்டுபிடிக்கிறவரைத்தான் அலுவலகம் "தெரிந்தவர்" என்று ஏற்கும்.

கோட்பாடுகளை மனப்பாடம் செய்து எல்லா இடத்திலும் ஒட்டுவது இன்னொரு பழக்கம். வணிக உத்தி அறிஞர் மைக்கேல் போர்ட்டர் 1979-இல் முன்வைத்த ஐந்து விசைகள் (இருக்கும் போட்டி, புதிதாக நுழைவோர், மாற்றுப் பொருள்கள், வாங்குவோர், வழங்குவோர்) ஒரு தொழில்துறையை ஆராய்வதற்கானவை; தேர்வுத்தாளில் அதை ஒரே நிறுவனத்தின் பலம், பலவீனப் பட்டியலாக மாற்றிவிடுகிறார்கள். மனிதத் தேவைகளைப் படிநிலைகளாக அடுக்கிய உளவியலாளர் மாஸ்லோவின் 1943 கட்டுரையில் பிரமிடு படமே கிடையாது; அது பிறகு வேறு ஆட்கள் வரைந்தது. பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்ற ஸ்வாட் (SWOT) கட்டம் நான்கையும் நிரப்பிவிட்டு "ஆகவே என்ன செய்யலாம்" என்று சொல்லாத விடைக்கு நல்ல ஆசிரியர் பாதி மதிப்பெண்கூடத் தரமாட்டார். ஒரு நிறுவனத்தின் சிக்கலைக் கொடுத்துத் தீர்வு கேட்கும் கேஸ் ஸ்டடியில் முடிவும், அதற்கான எண்ணும், அந்த முடிவு தோற்றால் என்ன ஆகும் என்பதும் இருக்க வேண்டும்.

இறுதியாண்டு புராஜெக்டில் பெரும்பாலும் ஒரே தலைப்புதான்: வாடிக்கையாளர் திருப்தி. கூகுள் படிவத்தை நண்பர்களுக்கு அனுப்பி, ஐம்பது பதில் வாங்கி, வட்ட வரைபடம் போட்டால் முடிந்தது. நண்பர்கள் அந்தப் பொருளின் வாடிக்கையாளர்களா என்று யாரும் கேட்பதில்லை. நேர்காணலில் கேட்பார்கள். சின்ன நிறுவனமாக இருந்தாலும் பரவாயில்லை, அங்கே ஏற்கெனவே இருக்கும் விற்பனைப் பதிவையோ சரக்கிருப்புப் பதிவையோ கேட்டு வாங்கி ஆராய்வது மேல்.

எல்லாவற்றிலும் கொஞ்சம் என்பது இந்தப் பட்டத்தின் இயல்பு. இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் ஒரு பக்கம் சாயாவிட்டால், நிதி வேலைக்கு வணிகவியல் மாணவரோடும் பகுப்பாய்வு வேலைக்குப் புள்ளியியல் மாணவரோடும் போட்டியிட்டுத் தோற்க நேரிடும். கணக்கியல் பக்கம் போக நினைப்பவர்கள் விருப்பப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்பே கணக்காளர் ஆவதற்கான தொழில்முறைத் தேர்வுகளின் விதிகளைப் பார்ப்பது நல்லது. அவற்றில் சிலவற்றில், எந்தத் தாளை எழுதாமல் விலக்குப் பெறலாம் என்பது பட்டத்தில் என்ன படித்தீர்கள் என்பதைப் பொறுத்தது. தவறான பாடத்தை எடுத்துவிட்டால் பின்னால் கூடுதல் தேர்வு எழுத வேண்டியிருக்கும்.

எம்பிஏவுக்கு உடனே ஓட வேண்டிய அவசியம் இல்லை. பல முன்னணிக் கல்லூரிகள் சில ஆண்டு வேலை அனுபவத்தை எதிர்பார்க்கின்றன. எம்பிஏ நுழைவுத் தேர்வுகளில் ஒன்றான ஜிமேட்டின் (GMAT) மதிப்பெண் 5 ஆண்டு செல்லும் என்பதால், படிக்கும் பழக்கம் விட்டுப்போகும் முன் தேர்வை எழுதி வைத்துவிட்டு வேலைக்குப் போகலாம்.

பயோடேட்டாவில் "தலைமைப் பண்பு, குழு மனப்பான்மை" என்ற வரிகளை அழித்துவிட்டு, எத்தனை பேர் குழு, என்ன பட்ஜெட், என்ன மாறியது என்று எழுதுங்கள். எழுத எதுவும் இல்லையென்றால், படிப்பு முடியும் முன் ஒரு கல்லூரி விழாவின் கணக்கையாவது பொறுப்பேற்று ரசீதோடு முடித்துக் கொடுங்கள்.