சேலத்திலிருந்து ஆறு பேர், ஒரு பாய்மரப் படகு, உப்பங்கழியில் இரண்டு மணி நேரம்

மேட்டூரில் பரிசல் ஏறியவர்களுக்கும், ஏற்காடு ஏரியில் பெடல் படகு மிதித்தவர்களுக்கும் பாய்மரப் படகு முதல் பத்து நிமிடம் குழப்பும். பரிசலில் "நடுவுல உக்காருங்க, ஆடாதீங்க" என்பார்கள். இங்கே ஓரத்தில் உட்காரச் சொல்வார்கள். பழகி உட்கார்வதற்குள் எதிர் ஓரத்துக்கு மாறச் சொல்வார்கள். படகு ஒருபக்கம் சாய்ந்தே ஓடும். அது கோளாறு கிடையாது, அதன் நடையே அப்படித்தான்.

முதல் தடவைக்குக் கடலைவிட உப்பங்கழி நல்ல இடம். பெரிய அலை இல்லை, கரை எப்போதும் கண்ணில் படும், பல இடங்களில் விழுந்தாலும் நின்றுகொள்ளலாம். ஆனால் படகைத் தரை தட்ட வைப்பதும் அதே ஆழக்குறைவுதான். அதனால் காற்று, தண்ணீர் மட்டம், ஆட்களின் எடை ஆகிய மூன்றையும் கிளம்புவதற்கு முன்பே கணக்குப் போட்டுவிட வேண்டும்.

எங்கே, எந்த மாதம்

சேலத்திலிருந்து ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் வழியாகப் புதுச்சேரி சுமார் 210 கி.மீ. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காடு என்றால் திண்டிவனம் வழியாக 300 கி.மீ.க்கு மேல். முட்டுக்காடு, சுண்ணாம்பாறு, பிச்சாவரம் படகுத்துறைகளில் ஓடுவது பெரும்பாலும் மோட்டார் படகும் துடுப்புப் படகும்தான். டிக்கெட் கவுண்டரில் போய் நின்றால் பாய்மரப் படகு கிடைக்கும் என்று நம்பிக் கிளம்பாதீர்கள். பாய்மரப் பயிற்சி தருபவர்களிடம் முன்கூட்டியே தனியாகப் பேசிப் பதிவு செய்ய வேண்டும்.

பழவேற்காட்டின் பெயர் கட்டாயம் பேச்சில் வரும். சென்னைக்கு வடக்கே இருக்கிறது, இந்தியாவில் பரப்பில் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்த உப்பங்கழி அது. பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் கரையில் நிற்கும் மீன்பிடிப் படகைக் காசு கொடுத்துப் பேசி ஏறுவது வேண்டாம். 2011 டிசம்பர் 25 அன்று சுற்றிப்பார்க்க வந்தவர்கள் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தது அங்கேதான். மீன்பிடிப் படகு வலைக்கும் மீனுக்கும் கட்டியது. ஆள் ஏற்றிப்போகும் கணக்கு அதற்கு வேறு.

மாதம் என்றால் ஜனவரி பிற்பகுதி முதல் மார்ச் வரை முதலிடம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல் சின்னம். அந்தப் பக்கம் போகவே வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் காற்று உண்டு, வெயிலும் உண்டு. ஜூன், ஜூலையில் காலையில் நிலத்துக் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். கடல்காற்று உள்ளே வர மதியம் தாண்டிவிடும், சில நாள் வரவே வராது. சாயங்காலம் இடியும் சேர்ந்துகொள்ளும்.

பிப்ரவரி, மார்ச்சில் விடியற்காலையில் காற்று பெரும்பாலும் செத்துக் கிடக்கும். முற்பகல் கழிந்து கடல்காற்று எழும், பிற்பகலில் நிலையாக வீசும். புகைப்பட ஆசையில் காலை 6 மணி நேரத்தைப் பிடித்துவிட்டு, பாய் தொங்க, மோட்டாரில் போய்த் திரும்புபவர்கள் அதிகம். பாயில் ஓட வேண்டும் என்றால் பிற்பகல் 3 மணியைக் கேளுங்கள்.

போனில் கேட்க வேண்டியவை

விலையை முதலில் கேட்காதீர்கள். படகில் ஓட்டுநர் தவிர எத்தனை பேருக்கு அனுமதி, அந்த எண் படகிலேயே எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். கூடவே மோட்டார் உள்ள பாதுகாப்புப் படகு வருமா? படகின் அடியில் தண்ணீருக்குள் நீட்டி நிற்கும் பலகை நிலையான கீலா, தூக்கி இறக்கும் சென்டர்போர்டா? காற்று அதிகமானாலோ இல்லாமலே போனாலோ பணம் என்ன ஆகும்? கட்டணம் ஆளுக்கா, படகுக்கா? கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் தெளிவாக வந்து மற்றவற்றுக்கு "அதெல்லாம் பாத்துக்கலாம்ங்க" என்று வந்தால் வேறு இடம் பாருங்கள்.

ஆறு பேர் போதும். எட்டு என்றால் உட்கார இடம் மாறும்போது முட்டிக்கொள்வீர்கள். ஒவ்வொருவரின் எடையையும் எழுதி முன்பே அனுப்பிவிடுங்கள். யாரை எந்தப் பக்கம் உட்கார வைப்பது என்பதற்கும், உயிர்காப்பு அங்கியின் அளவுக்கும் அது வேண்டும். நீச்சல் தெரியாதவர் யார் என்பதையும் சொல்லிவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முந்தைய நாள் வானிலைச் செயலியைத் திறந்தால் சராசரிக் காற்றை மட்டும் பார்த்து மூடிவிடாதீர்கள். பக்கத்தில் 'கஸ்ட்' என்று இன்னொரு எண் இருக்கும்; திடீர் வீச்சின் வேகம் அது. 1 நாட் என்பது மணிக்கு 1.85 கி.மீ. சராசரி 6 முதல் 12 நாட் வரை புதியவர்களுக்கு நன்றாக இருக்கும். 5க்குக் கீழே போனால் தூக்கம் வரும். வீச்சு 20 நாட்டைத் தாண்டினால் அன்றைக்கு வேண்டாம். மீனவர்களுக்கு எச்சரிக்கை விடுத்திருந்தால் யோசிக்கவே வேண்டியதில்லை.

ஏற்காட்டிலேயே ஒரு பாடம்

கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு ஏற்காடு ஏரியில் துடுப்புப் படகில் ஒரு சுற்று போய் வாருங்கள். பாயே இல்லாவிட்டாலும் இரண்டு விஷயம் கற்கலாம். முதலாவது, தண்ணீரின் நிறம். மலையிறங்கி வரும் காற்று ஏரியைத் தொடும் இடத்தில் மேற்பரப்பு சிலிர்த்து, கருத்த திட்டாகத் தெரியும். அந்தத் திட்டு நகர்ந்து வருவதைப் பாருங்கள். அது படகைத் தொட்டதும் முகத்தில் காற்று படும். எத்தனை விநாடி என்று எண்ணிப் பழகுங்கள். உப்பங்கழியில் இதே கருத்த திட்டு வந்தால் ஓட்டுநர் பாயின் கயிற்றை ஒரு சாண் தளர்த்துவார். நீங்கள் முன்கூட்டியே பார்த்து "காத்து வருதுங்க" என்று சொன்னால் அவருக்கு அது பெரிய உதவி. இரண்டாவது, எடை. எழுந்து நிற்காமல் உட்கார்ந்தபடியே ஒருவர் மட்டும் மெல்ல ஓரத்துக்கு நகரட்டும். படகு எவ்வளவு சாய்கிறது என்று உடம்புக்குத் தெரிந்துவிடும்.

வீட்டில் செய்ய ஒன்றே ஒன்று: எட்டு முடிச்சு. கட்டைவிரல் அளவு தடித்த கயிறு வேண்டாம், 8 மி.மீ. கயிறு இரண்டு மீட்டர் போதும். நுனியை வளைத்து மேலே கொண்டுவந்து, நிற்கும் கயிற்றுக்குப் பின்னால் சுற்றி, முன்னால் வந்து முதல் வளையத்துக்குள் விடுங்கள். இழுத்தால் 8 மாதிரி தெரியும். பாயின் கயிறு கப்பியை விட்டு உருவிப் போகாமல் தடுப்பது இந்த முடிச்சுதான். எவ்வளவு இழுபட்டாலும் அவிழ்க்க வரும் என்பது இதன் சிறப்பு.

உடுப்பு, சாப்பாடு

முழுக்கை பருத்திச் சட்டை, முட்டிக்குக் கீழ் வரும் கால்சட்டை, நாடா கட்டிய தொப்பி. துப்பட்டா, சேலை, வேட்டி மூன்றும் வேண்டாம். கயிற்றிலும் கப்பியிலும் சிக்கும். நீளமான முடியைப் பின்னிக் கட்டுங்கள், மோதிரத்தைக் கழற்றி விடுதியிலேயே வையுங்கள். பின்வார் உள்ள செருப்பு கட்டாயம். கழியின் அடியில் சிப்பி இருக்கும், அதன் விளிம்பு பிளேடு மாதிரி; வெறுங்காலில் இறங்கினால் அன்றைய பயணம் முடிந்தது.

தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர், ஏப்ரலில் ஒன்றரை. ஏறுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு இட்லியோ தயிர்சாதமோ அளவாக. படகில் கொறிக்க வறுகடலை, வாழைப்பழம். ஊரிலிருந்து தட்டுவடை செட் கட்டிக்கொண்டு வரும் ஆசையை அடக்குங்கள்: படகு சாயும் நேரத்தில் சிவப்புச் சட்னி வெள்ளைப் பாயில் போய் உட்காரும், கறை போகாது. தட்டுவடையை மட்டும் தனியாகக் கொண்டுவந்தால் தடையில்லை. சிறிய படகில் கழிவறை கிடையாது. அதைக் கரையிலேயே முடித்துவிட வேண்டும்.

கழியில் குமட்டல் அரிது. ஆனாலும் ஏற்காட்டுப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளுக்குள் முகம் வெளிறுபவர் குழுவில் இருந்தால், வழக்கமாகப் போடும் குமட்டல் மாத்திரையான அவோமினை மருத்துவரைக் கேட்டு, ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன் போட்டுக்கொள்ளலாம். தூக்கம் வரும். படகில் போனைக் குனிந்து பார்க்காமல் எதிர்க்கரையைப் பார்த்தபடி இருந்தாலே பாதிக் குமட்டல் போய்விடும்.

அங்கி, ஏறுதல், பாய்

உயிர்காப்பு அங்கியில் 50, 100, 150 என அது மிதக்கவைக்கும் விசை நியூட்டன் கணக்கில் எழுதியிருக்கும். 50 என்பது நீச்சல் தெரிந்தவருக்கு மிதக்க ஒரு துணை, அவ்வளவுதான். நீச்சல் தெரியாதவருக்கு 100 கேட்டு வாங்குங்கள். எல்லா பக்கிளையும் போட்ட பிறகு, பக்கத்தில் இருப்பவர் இரு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கட்டும். அங்கி காது வரை ஏறினால் அது பெரிது, மாற்றுங்கள். பக்கிள் உடைந்து கயிற்றால் கட்டிய அங்கியைக் கொடுத்தால் அப்படியே திருப்பிக் கொடுங்கள்.

ஏறும்போது ஒரு கை எப்போதும் படகின் ஏதாவது உறுதியான பாகத்தில் இருக்கட்டும். காலை விளிம்பில் வைக்காமல் நடுவில் வையுங்கள். ஒருவர் ஏறி உட்கார்ந்த பிறகே அடுத்தவர்.

பாய் ஏற்றும்போது படகின் மூக்கு காற்றைப் பார்த்து நிற்கும். பெரிய பாய் முதலில், முன்னால் இருக்கும் சிறிய பாயான ஜிப் பிறகு. அப்போது பாய் படபடவென்று அடித்து ஊரைக் கூட்டும். பயப்பட வேண்டாம், தலையை மட்டும் தாழ்த்துங்கள். பெரிய பாயின் அடியில் கிடையாக இருக்கும் கட்டைக்கு பூம் என்று பெயர். பாய்மரப் படகில் அடிபடுபவர்களில் பலர் அதில்தான் அடிபடுகிறார்கள். உட்கார்ந்த நிலையில் அது உங்கள் தலைக்கு மேலே போகிறதா, நெற்றிக்கு நேரே வருகிறதா என்று கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள்.

எந்தப் பாய்மரப் படகும் காற்றுக்கு நேர் எதிராகப் போகாது. இருபுறமும் ஏறக்குறைய 45 டிகிரி விட்டு, வளைந்து வளைந்து ஏற வேண்டும். அதனால் காற்று வரும் திசையில் 1 கி.மீ. முன்னேற, தண்ணீரில் கிட்டத்தட்ட 1.4 கி.மீ. ஓட வேண்டியிருக்கும். போகும்போது காற்றை எதிர்த்து ஏறி, திரும்பும்போது காற்றோடு வாருங்கள். மாற்றிச் செய்தவர்கள், எல்லோரும் களைத்த நேரத்தில் கஷ்டமான பாதியைத் தொடங்குகிறார்கள்.

திருப்பத்துக்கு வார்த்தையை முன்பே பேசி வையுங்கள். ஓட்டுநர் "ரெடியா?" என்பார். அத்தனை பேரும் "ரெடி" சொன்ன பிறகுதான் "திருப்புறேன்". உடனே தலை கீழே, பூம் மேலே கடந்து போகும், பிறகு எதிர் ஓரத்துக்கு நகர்தல். காற்றைப் பின்னால் வாங்கிக்கொண்டு ஓடும்போது நடக்கும் திருப்பத்தில் பூம் கதவு அறைவது மாதிரி வேகமாக வரும். அப்போது யாரும் எழக் கூடாது.

எங்கே கோளாறு வரும்

தரை தட்டுவதுதான் அதிகம். தண்ணீர் திடீரெனக் கலங்கிப் பழுப்பாவதும், கொக்கு நின்றுகொண்டிருப்பதும் முன்னறிவிப்பு. தட்டியதும் பாயைத் தளர்த்தி, சென்டர்போர்டைத் தூக்கினால் பெரும்பாலும் படகு விடுபடும். கீல் படகு என்றால் எல்லோரும் ஒரே ஓரத்துக்குப் போய்ச் சாய்த்தால் அடி கொஞ்சம் மேலே வரும். கழி கடலில் சேரும் முகத்துவாரம் திறந்திருக்கும் காலத்தில் வற்றம் (கடல் இறங்கித் தண்ணீர் வடிவது) தொடங்கிய பிறகு தட்டினால் நிமிடக் கணக்கில் செயல்பட வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஏற்றத்தில் தண்ணீர் உயரும் வரை அங்கேயேதான். தள்ளிவிடலாம் என்று குதிக்காதீர்கள். துடுப்பை ஊன்றிப் பாருங்கள். சேறு இழுத்தால் உள்ளேயே இருங்கள். இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள். சேற்றில் படுத்திருக்கும் திருக்கை விலகிப் போய்விடும். மிதித்தால் வாலால் குத்தும்.

வற்றத்தின்போது முகத்துவாரத்தின் பக்கமே போக வேண்டாம். கழித் தண்ணீர் முழுவதும் அந்த ஒரே வாயில் கடலுக்கு ஓடும். காற்றும் குறைந்துவிட்டால் படகையும் சேர்த்து இழுக்கும்.

கழியில் நட்டிருக்கும் கம்புகள் வெறும் கம்புகள் இல்லை, வலை கட்டியவை. பழவேற்காட்டில் எந்த வலையை எந்த இடத்தில் யார் போடுவது என்பதற்குப் பாடு என்று முறை வைத்திருக்கிறார்கள். கம்புகளுக்கு நடுவே நுழையாதீர்கள், படகை அதில் கட்டாதீர்கள். வலையில் சிக்கினால் மோட்டாரை உடனே நிறுத்திவிட்டு கையால் விடுவியுங்கள், அறுப்பது கடைசி.

ஆள் விழுந்தால் முதல் வேலை மிதக்கும் எதையாவது அவர் பக்கம் வீசுவது. ஒருவர் மட்டும் விழுந்தவரை விரலால் காட்டியபடியே இருக்க வேண்டும், கண்ணை எடுக்கக் கூடாது. விழுந்தவர் காலை ஊன்றிப் பார்க்கட்டும். பாதி நேரம் மார்பளவுதான் இருக்கும். தூக்கும்போது பக்கவாட்டில் தூக்குங்கள், மோட்டார் இருக்கும் பின்பக்கம் வேண்டாம். படகே கவிழ்ந்தால் அதைப் பிடித்துக்கொண்டு இருங்கள். கரை கிட்ட இருப்பதுபோலத் தோன்றினாலும் நீந்தக் கூடாது.

இடிமழை எப்படி வரும் என்று சேலத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கோடையில் சேர்வராயன் மலைமேல் மேகம் கருத்து, அஸ்தம்பட்டியில் மழைக்கு முன்னால் ஜில்லென்று ஒரு காற்று புழுதியோடு ஓடிவருமே, அதே காற்று கழியிலும் மழைக்கு முன்பே வரும். மேற்கே அப்படி மேகம் கட்டினால் மழைத்துளிக்குக் காத்திருக்காமல் பாயை இறக்கச் சொல்லுங்கள்.

கரை ஏறியதும்

அங்கிகளையும் செருப்பையும் நல்ல தண்ணீரில் அலசிவிட்டுக் கொடுங்கள். உப்பு காய்ந்தால் பக்கிள் இறுகிவிடும். சிப்பி கிழித்த காயத்தைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, ஆழமாக இருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். 3 மணிக்கு ஏறியவர்கள் வண்டியில் உட்கார 6 ஆகிவிடும், சேலம் வந்து சேர இரவு 11. வெயிலும் காற்றும் பட்ட உடம்புக்கு அது நீண்ட ஓட்டம். ஓட்டுபவர் அவோமின் போடாதவராக இருக்கட்டும். முடிந்தால் அன்றிரவு அங்கேயே தங்கிவிட்டு, காலையில் கிளம்பி உளுந்தூர்பேட்டையில் டீ குடியுங்கள்.