நாய் கடிச்சா முதல்ல பைப்படிக்கு ஓடுங்க

எங்க அக்கா பையன் ட்யூஷன் முடிஞ்சு வர்றப்ப தெருநாய் ஒண்ணு கெண்டைக்கால்ல கவ்விடுச்சு. நான் போய்ச் சேர்றதுக்குள்ள பக்கத்து வீட்டுப் பாட்டி காப்பித்தூளை வச்சு அமுக்கி வேட்டித்துணியால இறுக்கிக் கட்டியும் விட்டுட்டாங்க, ரத்தம் நின்னுடுச்சு பாத்தியான்னு ஒரே பெருமை வேற. அந்தத் தூளைக் கழுவி எடுக்கறதுக்குள்ள பையன் போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு. காப்பித்தூள், மஞ்சத்தூள், சுண்ணாம்பு, மிளகாப்பொடி எதையும் கடிவாய்ல வைக்காதீங்க, கட்டும் போடாதீங்க.

செய்ய வேண்டியது பைப்பைத் திறந்து சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவறதுதான். துணி சோப்பா இருந்தாலும் பரவால்ல. ரேபிஸ், அதாவது வெறிநாய்க்கடி நோய்க் கிருமிக்கு மேல கொழுப்பால ஆன ஒரு உறை இருக்கு, சோப்பு அதைக் கரைச்சிடும், கிருமி நரம்புல ஏறுறதுக்கு முன்னாடி காயத்துலயே நிறைய செத்துப்போயிடும். ஆனா 15 நிமிஷம்ங்கறது ரொம்ப நேரம்ங்க, ரெண்டு நிமிஷத்துலயே போதும்னு தோணும், அதனால போன்ல டைமர் வச்சுக்கங்க. பல்லு இறங்குன ஓட்டைக்குள்ள தண்ணி போற மாதிரி ஊத்தணும். அப்புறம் பெட்டாடின் இருந்தா போட்டுட்டு கிளம்பிடுங்க. சின்னப் பசங்கன்னா துணியைக் கழட்டி உடம்பு முழுக்க ஒரு தடவை பாத்துடுங்க, திட்டு விழும்னு பயந்து ஒரு கீறலை மறைச்சிருப்பாங்க.

எவ்வளவு சீரியஸ்னு டாக்டருங்க மூணு வகையா பிரிப்பாங்க. நாயைத் தொட்டீங்க, சோறு வச்சீங்க, காயமே இல்லாத தோல்ல நக்குச்சு, இதுக்கெல்லாம் ஊசி வேணாம், கழுவிட்டா போதும். ரத்தம் வராத லேசான கீறல், பல்லு சும்மா உரசுனதுன்னா தடுப்பூசி மட்டும். தோல் கிழிஞ்சு ரத்தம் வந்துடுச்சு, இல்ல ஏற்கனவே இருக்கற புண்ணுலயோ கண்ணு வாய்லயோ எச்சில் பட்டுடுச்சுன்னா தடுப்பூசியோட சேர்த்து காயத்துக்குள்ள போடற இம்யூனோகுளோபுலின்ங்கற மருந்தும் வேணும். பூனை, குரங்குக்கும் இதே கணக்குதான்.

நிறைய பேர் கோட்டை விடறது இங்கதான். "ஊசி போட்டாச்சு"ன்னு சொல்றவங்ககிட்ட எந்த ஊசின்னு கேட்டுப் பாருங்க, பாதிப் பேருக்குத் தெரியாது. எங்க பையனையும் முதல்ல ஒரு சின்ன கிளினிக்ல காட்டினோம், டிடி போட்டு மாத்திரை எழுதிக் கொடுத்து சரியாயிடும்னு அனுப்பிட்டாங்க. டிடி டெட்டனஸ்ங்கற தசை விறைப்பு நோய் வராம இருக்க, அதுவும் வேணும்தான், ஆனா ரேபிஸுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. ராத்திரியே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு ஓடினோம், அங்க கடிவாயைச் சுத்தியும் உள்ளயும் ஊசியால குத்திக் குத்தி மருந்தை இறக்கினாங்க, அதுதான் இம்யூனோகுளோபுலின். வலிக்கும், பையனோட கையை நான் பிடிச்சுக்கிட்டேன், அவன் என் கையைக் கடிக்காத குறைதான். தடுப்பூசி போட்டு உடம்புல எதிர்ப்பு சக்தி உருவாக ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும், அதுவரைக்கும் காவல் காக்கறது இந்த மருந்துதான். எடையை வச்சு அளவு போடுவாங்க, குதிரைகிட்ட இருந்து எடுத்ததுன்னா கிலோவுக்கு 40 யூனிட், மனுஷ ரத்தத்துல இருந்து எடுத்ததுன்னா 20. முதல் நாளே போடறது நல்லது, விட்டுப்போச்சுன்னா முதல் தடுப்பூசி போட்ட 7 நாளுக்குள்ள போட்டாகணும். ரத்தம் வந்த காயம்னா நீங்களே வாய்விட்டுக் கேளுங்க, வெக்கப்படாதீங்க.

காயம் பெருசா இருக்கே தையல் போடுங்கன்னு அடம் பிடிக்காதீங்க. கூடுமானவரைக்கும் உடனே தைக்க மாட்டாங்க, தச்சே ஆகணும்னா அந்த மருந்தை இறக்கின அப்புறம் லூசா போடுவாங்க.

தொப்புளைச் சுத்தி 14 ஊசின்னு இன்னும் பயப்படற பெரியவங்க இருக்காங்க. அது ஆட்டு மூளையில இருந்து தயாரிச்ச பழைய மருந்து, நம்ம குன்னூர் பாஸ்டர் நிலையத்துலயும் தயாரிச்சிருக்காங்க, 2004ஓட அந்தக் கதை முடிஞ்சுபோச்சு. இப்ப அரசு ஆஸ்பத்திரியில தோலுக்குள்ள போடற முறைன்னா ரெண்டு கையிலயும் துளித்துளியா, 0, 3, 7, 28ஆம் நாள்னு 4 தடவை வரணும். தசையில போடறதுன்னா 14ஆம் நாளும் சேர்த்து 5. முதல் ஊசி போடற நாள்தான் 0, அதாவது 1ஆம் தேதி போட்டா அடுத்தது 4, 8, 29. முன்னாடியே முழுசா போட்டவங்கன்னா 0, 3 ரெண்டே தடவை, இம்யூனோகுளோபுலின் வேணாம். கர்ப்பமா இருந்தாலும் போடலாம். பத்தியம் கித்தியம் ஒண்ணும் கிடையாது, பாட்டி கறி வேணாம்னு சொன்னாங்க, பையன் ஞாயித்துக்கிழமை சிக்கன் சாப்பிட்டான்.

வீட்டு நாய்தானே, 10 நாள் பாத்துட்டுப் போலாம்னு உக்காந்துடாதீங்க. முதல்ல ஊசியை ஆரம்பிங்க, நாயை அப்புறம் பாருங்க, 10 நாள் கழிச்சும் அது ஆரோக்கியமா இருந்தா மிச்ச ஊசி வேணுமான்னு டாக்டர் சொல்லுவார். நோய் அறிகுறி வந்துட்டா காப்பாத்தறது கிட்டத்தட்ட நடக்காத காரியம், அதான் இவ்வளவு அவசரப்படுத்தறேன்.

பூனைக்கடியைச் சின்னதா நினைக்காதீங்க, பல்லு ஊசி மாதிரி ஆழமா இறங்கி மேல மூடிக்கும், உள்ள சீழ் பிடிக்கும். மனுஷக் கடியும் அப்படித்தான், அதுலயும் சண்டையில அடுத்தவன் வாய்ல குத்தி விரல் முட்டி கிழிஞ்சவங்க அடிபட்டதுன்னு பொய் சொல்லிட்டு வருவாங்க, கிருமி மூட்டுக்குள்ள போய் கையே மடக்க முடியாம ஆகிடும். உண்மையைச் சொன்னாதான் சரியான ஆன்டிபயாடிக் கிடைக்கும், ஹெபடைடிஸ் பி ஊசி தேவையான்னும் பாப்பாங்க.

ஊசி போட்ட சீட்டை ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கங்க, ஊருக்குப் போனா அங்க இருக்கற அரசு ஆஸ்பத்திரியில மிச்சத்தைப் போட்டுக்கலாம். தேதி தவறிடுச்சுன்னா மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்க வேண்டியதில்ல, மறுநாளே போய் விட்ட இடத்துல இருந்து போட்டுக்கங்க.